மேல்கணக்குச் சங்கு

அபாயச் சங்கு ஊதத் தொடங்கியபோது அஞ்சலினின் கையில் பாதி மடித்த வாழையிலை இருந்தது.

முதலில் ஒரு முனகல். பிறகு அது ஏறி ஏறி, மலையைப் பிடித்து உலுக்குகிற ஓலமாக மாறியது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான பழைய மடுவத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. வரிசையாக அடுக்கியிருந்த சோற்றுப் பார்சல்களுக்கு மேலே எல்லோரும் தலையைத் தூக்கினார்கள்.

ஒரு நிமிடத்துக்கு முன்வரை அங்கே சிரிப்புச் சத்தம்தான். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவில் அகப்படுகிறவர்களைத் தூக்கச் சம்பளமில்லாத ஒரு குழு வைத்திருந்தார்கள். கயிறு, அலவாங்கு, மம்பட்டி, முதலுதவிப் பை எல்லாமே பார்சல் விற்று வாங்கியவை. இப்போது வாக்கி டாக்கிக்காக விற்கிறார்கள். மலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. குரலை நம்பித்தான் வேலை. குரல் எட்டாத இடத்தில் என்ன செய்வது?

“பதுளை பஸ் ஸ்டாண்ட்ல ஒரு அய்யா கேக்குறாரு,” என்று ஆட்டோக்கார இன்பாஸ் சொல்லிக்கொண்டிருந்தான். “தோட்டத்துல மலை சரிஞ்சா டவுன்ல எதுக்குடா சோறு விக்கிறீங்கன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“மலை சரிஞ்சா டவுனுக்குத்தான் அய்யா வரும், முன்கூட்டியே சொல்லிட்டுப் போக வந்தோம்னேன். ரெண்டு பார்சல் வாங்கிட்டாரு.”

அஞ்சலினின் கணவன் சஜீவன் கறிச் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். “இத வாங்கித் திங்கிறவன் அடுத்த வருஷம் காசு தரமாட்டான். எங்கம்மா வச்சா கத்தரிக்கா கத்தரிக்காயா இருக்கும்.”

“அப்ப ஒங்கம்மாகிட்டயே போங்க,” என்று அவள் கரண்டியை ஓங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. இருவருக்குமே அது ஓய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

அப்போதுதான் சங்கு.

“நம்ம சங்கு இல்ல,” என்றாள் விஜயலெட்சுமி. கொழுந்து பறிக்கிற கை, இலையைக் கட்டியபடியே நின்றுவிட்டது. “மேல்கணக்குச் சங்கு.”

இன்பாஸ் கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்தான்.

தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் இப்போது ஆள் கிடையாது. போன வருஷ மழையில் அங்கே வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம் ஆட்களோடு அப்படியே மண்ணுக்குள் போனது. மிச்சமிருந்த குடும்பங்களைக் கீழே தற்காலிகக் கொட்டில்களுக்கு இறக்கிவிட்டார்கள். மேலே எஞ்சியது இடிந்த பிள்ளைக்காம்பரா ஒன்று. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம். அதன் சுவரில்தான் குழு ஒரு சங்கைப் பொருத்தியிருந்தது.

அது கரண்டில் ஊதுகிற சங்கு இல்லை. யாராவது கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

“ஆடு தேடிப் போன எவனாவது மாட்டியிருப்பான்,” என்றார் பாக்கியநாதன். தேயிலை அரைக்கிற இஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவுக்குத் தலைவர். தொப்பியை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். “வாங்க. பேர் கூப்பிடுறேன்.”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவதைப்போலத்தான் இதுவும். கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. ஒவ்வொருவரும் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாக் குரலும் வந்தால்தான் குழு நகரும்.

“இன்பாஸ்.”

“இருக்கேன்.”

“விஜயலெட்சுமி.”

“இருக்கேன்.”

“அஞ்சலின்.”

“இருக்கேன்.”

“சஜீவன்.”

“இருக்கேன், கத்தரிக்காய்க்குத் தப்பிச்சிட்டேன்.”

சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

சிரிப்பு முதல் வளைவு வரைதான் நீடித்தது.

மாலைகூட ஆகவில்லை. ஆனாலும் பனி மலையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தது. தேயிலைச் செடிகள் இரண்டடி தூரத்தில் கறுப்பாகத் தோன்றி உடனே கரைந்தன. வெட்டிப் போட்ட பச்சை மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. எங்கேயோ பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேலே, விடாமல், சங்கு. யாரோ களைப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்காம்பராவின் சுவர் பனியில் தெரிந்ததும் சங்கு நின்றது.

அங்கே யாருமில்லை.

பாக்கியநாதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். ஈர மண் அப்பியிருந்தது. பக்கத்துத் தரையில் இப்போது வந்த குழுவின் கால்தடங்கள் மட்டுந்தான்.

“எவனோ பயந்து ஓடியிருக்கான்,” என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. “பரவி நின்னு தேடுங்க. ஒருத்தர் சத்தம் அடுத்தவருக்குக் கேக்கணும். ரொம்ப தூரம் போகாதீங்க.”

பரவினார்கள். புதைந்த லயத்தின் மேல்தான் தேட வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் அதன் மீது புல் முளைத்திருந்தது. அங்கங்கே தகரத்தின் ஓரம், கதவு நிலையின் முனை, ஒரு பிளாஸ்டிக் வாளியின் காது.

அஞ்சலினுக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. இதே இடத்தில் நின்று லயத்து வீடுகளான காம்பராக்களின் வரிசைப்படி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். “உயிரோட இருந்தா ‘இருக்கேன்’னு சத்தம் குடுங்க!” கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பார்கள். பதிலே வரவில்லை. மலை மறுபடி நகரத் தொடங்கியதும் பாக்கியநாதன் ‘போதும், இறங்குங்க’ என்றார். சில உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

மழை பிடித்தது. மேலே எங்கோ சளக்கென்று ஒரு சத்தம். சின்னச் சரிவு.

“எல்லாரும் திரும்புங்க!” பாக்கியநாதனின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. “நின்ன எடத்துலயே பேருக்குச் சத்தம் குடுங்க. இன்பாஸ்!”

“இருக்கேன்.”

“விஜயலெட்சுமி!”

“இருக்கேன்.”

“அஞ்சலின்!”

“இருக்கேன்.”

“சஜீவன்!”

சற்றுத் தாமதம்.

“இருக்கேன்.”

“சரி, கயித்தப் பிடிங்க. இறங்குவோம்.”

முன்னால் பாக்கியநாதன், பின்னால் இன்பாஸ், விஜயலெட்சுமி, அஞ்சலின். கடைசி ஆள் எப்போதும் சஜீவன். பனி அவ்வளவு அடர்த்தி, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு பின்னால் இழுபட்டது. ஆள் இருக்கிறான். அது போதும்.

கொஞ்ச தூரம் இறங்கினார்கள். மழைச் சட்டைக்குள் தண்ணீர் ஒழுகியது.

“ஏங்க, குளிருதா?” என்றாள்.

“இருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அது தெரியுது. குளிருதான்னு கேட்டேன்.”

“இருக்கேன்.”

அவள் நடையைக் குறைத்தாள்.

சஜீவனின் குரல்தான். அதே கரகரப்பு. ஆனால் சொல்லை யாரோ சொல்லிக் கொடுக்க, அப்படியே திருப்பிச் சொல்வதுபோல இருந்தது.

“என் பேரு என்ன?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இருக்கேன்.”

அவள் திரும்பினாள்.

கயிறு விறைப்பாக, இடுப்பு உயரத்தில், பனிக்குள் போனது. அதன் மறுமுனையில் ஒன்றும் தெரியவில்லை.

“அண்ணே!”

அவள் கத்திய கத்தலில் மற்றவர்கள் தடுமாறி ஏறி வந்தார்கள். பாக்கியநாதன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அதுவரை விறைப்பாக இருந்த கயிறு லேசாக வந்துவிட்டது. நுனி முழுவதும் மண். பிடிக்க யாரும் இல்லை.

“சஜீவன்!” இன்பாஸ் வாயைக் குவித்துக் கூவினான்.

“இருக்கேன்.” இடப்பக்கத்திலிருந்து.

“இருக்கேன்.” வலப்பக்கத்திலிருந்து, பெண் குரலில்.

“இருக்கேன்.” காலடிக்குக் கீழே, மழலையில்.

விஜயலெட்சுமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “மாரியம்மா… இவங்கள நாமதானே கூப்பிட்டோம். போன வருஷம்.”

மேலே மறுபடியும் சளக். இந்தத் தடவை நீளமாக. ஒரு சவுக்கு மரம் முறிந்து விழும் ஓசை பனிக்குள் உருண்டு வந்தது.

பாக்கியநாதனின் முகம் வெளுத்திருந்தது. “மண்ணு நகருது. இங்க நின்னா எல்லாரும் போயிருவோம். கீழ போயி ஆள் கூட்டிட்டு வருவோம், அஞ்சலின்.”

“போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க, அண்ணே.”

அவர் மேலே சரிவைப் பார்த்தார்.

“நீங்க போங்க,” என்றாள் அவள். “நான் அவரில்லாம இறங்கமாட்டேன்.”

அவர் கயிற்றைத் தோளில் சுற்றினார். “எங்கன்னு தேடுறது, தாயி? கூப்பிட்டா மலை பூராவும் பதில் சொல்லுது.”

அவள் கண்ணை மூடி நின்றாள். பேரைக் கூப்பிட்டால் அவை பதில் சொல்லும். அவற்றுக்குத் தெரிந்தது அந்த ஒரே சொல். தாங்கள் கற்றுக்கொடுத்த சொல்.

அப்படியானால் பேரைக் கூப்பிடக் கூடாது.

அவள் மூச்சை இழுத்து, மலையைப் பார்த்துக் கத்தினாள். “ஒங்கம்மா சமையல நாய்கூடத் திங்காது!”

இன்பாஸ் அவளைத் திகைத்துப் பார்த்தான்.

மழைச் சத்தம். பீலிச் சத்தம். ‘இருக்கேன்’ என்று எதுவும் சொல்லவில்லை. முழு மலையும் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்ததுபோல ஒரு மௌனம்.

“கேக்குதா? என் கத்தரிக்காய்க்கு முன்னால ஒங்கம்மா கறி வெறும் கழுநீர்!”

மௌனம்.

பிறகு, மேலே இடதுபுறத்தில், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல, மிக மெல்லிதாக:

“பொய்… பொய் சொல்லாதடி…”

ஓடினார்கள். விழுந்தார்கள், எழுந்து ஓடினார்கள். புதைந்த லயத்தின் கோடியில் ஒரு காம்பராவின் கூரை உள்வாங்கிப் பள்ளமாகியிருந்தது. அதற்குள் மோவாய்வரை சேற்றில் நின்றான் சஜீவன். கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

அவன் வாயின் மேல் மண் அப்பியிருந்தது. அதில் விரல் பதிந்த அடையாளங்கள். மிகச் சின்ன விரல்கள்.

அஞ்சலின் அதை யாருக்கும் காட்டாமல் தன் முந்தானையால் துடைத்தாள்.

மம்பட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். இடுப்புவரை சீக்கிரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நகரவில்லை. கால்களை எதுவோ பிடித்திருந்ததுபோல. கயிற்றை அவன் அக்குளில் போட்டு நால்வரும் இழுத்தார்கள். மேலே மலை முனகத் தொடங்கியது.

“விடுங்க!” என்று அவன் திடீரென்று கத்தினான். அது இவர்களைப் பார்த்துச் சொன்னது இல்லை. குனிந்து சேற்றைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல எதையோ முணுமுணுத்தான். மழையில் அந்த வார்த்தைகள் யாருக்கும் கேட்கவில்லை.

பிடி தளர்ந்தது.

அவன் ஒரேயடியாக மேலே வந்து விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் சறுக்கி இறங்கினார்கள். பின்னால் பூமி உரத்துப் பெருமூச்சு விட்டது. பிள்ளைக்காம்பராவும், சங்கும், அவர்கள் நின்ற இடமும் பள்ளத்துக்குள் போகும் இரைச்சல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மடுவத்துக்கு வந்ததும் விளக்குகளை எல்லாம் போட்டார்கள். விஜயலெட்சுமி அடுப்பை மூட்டினாள். சஜீவனுக்குப் போர்வை சுற்றி, கதவோரத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். உடம்பில் பெரிய காயமில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோக, பாதை எப்படியிருக்கிறதென்று இன்பாஸ் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பாதையில் மண் விழுந்திருக்கிறதாம். கொஞ்ச நேரம் ஆகும்.

பாக்கியநாதன் நின்றபடியே இருந்தார். இம்முறை அவர் பேரைக் கூப்பிடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டார். சஜீவனின் தோளில் வைத்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

“மன்னிச்சிரு, தம்பி. சத்தம் கேட்டுது. நீதான்னு நெனச்சிட்டேன்.”

சஜீவன் தலையை ஆட்டினான். அவன் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. திறந்த கதவுக்கு வெளியே, பனியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவை மெல்ல உள்ளே வந்தன. சுவரோரமாக நகர்ந்தன. பார்சல்கள் அடுக்கிய மேசைக்குக் கீழே போய், அங்கே சற்று நின்றன. மறுபடி கதவுக்கே போயின.

“டீயக் குடிங்க,” என்றாள் அஞ்சலின். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் உயிருள்ள கை. கிடைத்துவிட்டான். அவளுக்கு அது போதும். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உள்ளே ஈர மண் வாடை கூடிக்கொண்டே வந்தது. எல்லோருடைய உடையிலும் சேறுதானே என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பு எரிந்தும் அறையில் குளிர் ஏறியது. விளக்கைச் சுற்றிப் பனி படர்ந்தது.

அவள் எழுந்து கதவைப் பிடித்து இழுத்தாள்.

சஜீவனின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

“கதவச் சாத்தாத, அஞ்சு,” என்றான், மிக மெதுவாக. “எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணின பிறகுதான் என்னைய விட்டாங்க… இன்னும் கொஞ்சப் பேரு உள்ள வர வேண்டியிருக்கு.”