ஏணி மாமாவின் பதினொரு வினாடி

அந்த இடைவெளி பதினொரு வினாடி இருந்தது. மூன்றுதான் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி எடுக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு அது. திரையில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார், வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பதிலைக் கத்துவதற்கு மூன்று வினாடி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார், பிறகு "சபாஷ், சரியாச் சொன்னீங்க" என்பார். பிள்ளை பதில் சொன்னதா, மூக்கைக் குடைந்துகொண்டிருந்ததா என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? எல்லோருக்கும் சபாஷ்தான். ஏணி மாமாவும் நாற்பது பாகம் வரைக்கும் ஒழுங்காக மூன்று வினாடிதான் காத்திருந்தார். நாற்பத்தொன்றில்தான் பதினொன்று.

அவளுக்கு இதை எண்ணுவதுதான் தொழில். காது கேளாதவர்களுக்காக சப்டைட்டில் எழுதுகிறவள். பேசுவதை மட்டும் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. கதவு சாத்தினால் அதை எழுத வேண்டும், தெருவில் நாய் குரைத்தால் அதையும் எழுத வேண்டும், யாராவது பெருமூச்சு விட்டால்கூட அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். காதில் விழுந்ததை விடக்கூடாது, விழாததைச் சேர்க்கக்கூடாது. இந்த ஒரு சட்டத்தை அவள் பன்னிரண்டு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள்.

தொழிலை நல்லபடியாகச் செய்ய வீட்டிலேயே ஒரு நீதிபதி இருந்தாள். எட்டு வயது மகள். பிறந்ததிலிருந்து காது கேட்காது. சத்தமே போடாமல் வந்து பின்னால் நிற்பதால் அவளுக்கு வீட்டுப் பெயர் சுண்டெலி. மூக்கருகே இரண்டு விரலை ஆட்டினால் அது அவளைக் கூப்பிடுவது. அந்தச் சைகை அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்தது, அப்பாவுக்கே சரியாக வராது. அவர் கப்பலில் வேலை பார்த்து வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டுக்கு வருகிறவர். எந்தப் படத்துக்கு எழுதினாலும் முதலில் கூடத்து டிவியில் சுண்டெலிக்குப் போட்டுக் காட்டிவிடுவது வழக்கம். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் எழுத்து சரி. புருவத்தைச் சுருக்கினால் அம்மா மறுபடி உட்கார வேண்டியதுதான்.

ஏணி மாமா வேலை வந்தபோது இரண்டு பேர் வேண்டாமென்று ஒதுங்கினார்கள். பழைய பதிவு, இரைச்சல் அதிகம், கல்லில் நார் உரிக்கிற வேலை. அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தொடுகிற வயது. உயரமான மரஏணியின் உச்சியில் ஏணி மாமா உட்கார்ந்திருப்பார். முழங்கால் வரை தொங்கும் டை, வெள்ளைக் கையுறை, தலைக்கு மேல் நூலில் தொங்கும் பஞ்சு மேகம். ஒருநாளும் கீழே இறங்க மாட்டார். தரை தூங்குகிறதாம், மிதித்தால் முழித்துக்கொள்ளுமாம். அதனால் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் ஏணியிலேயே. "இந்த ஆளைப் பெத்தவங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று அவளுடைய அப்பா தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளைகள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அவளும் அப்படித்தான் பார்த்தாள், ஏழு வயதில், ஒரு மத்தியானம் வரைக்கும்.

அந்த மத்தியானம் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில். அவள் காய்ச்சலென்று வீட்டில். மூன்று வயதுத் தம்பி, எல்லோருக்கும் சின்னவன், பாயில் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நாற்காலி போட்டு ஏறி வெளிக்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மறுபடி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அம்மா எழுந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. பாய் காலியாக இருந்தது.

சின்னவன் கிடைக்கவேயில்லை. கிணறு பார்த்தார்கள், ரயில் நிலையம் பார்த்தார்கள், போலீஸ் நாய் வாசற்படியை முகர்ந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஏன்டி திறந்தே என்று கேட்டதற்கு அவள் உண்மையைச் சொன்னாள். "ஏணி மாமா திறக்கச் சொன்னாரு." அம்மா வைத்த அறையில் பல் ஒன்று ஆடிப்போயிற்று. அதன் பிறகு சாகும் வரைக்கும் அம்மா அவளை எதற்கும் அடித்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

ஆக, நாற்பத்தொன்றாம் பாகம் அவளுக்கு வேலை இல்லை, வழக்கு. அன்று ஒளிபரப்பானது அதுதான், தேதி பதிவு நாடாவின் டப்பாவிலேயே எழுதியிருந்தது.

அவள் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் படத்தை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பாள், படம் இருந்தால் கண் காதை ஏமாற்றும். பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பதினொரு வினாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மேலே டிங்டிங்கென்று குச்சியால் தட்டுகிற இசை. அதைக் குறைத்தாள். அதற்குக் கீழே பதிவின் இரைச்சல், ஓயாத மழைபோல. அதையும் வடிகட்டினாள். மிச்சமிருந்ததில் மரம் முனகும் சத்தம் ஒன்று, யாரோ எடையைக் கால் மாற்றி வைக்கிற மாதிரி, அதற்கும் அடியில், வாயை மைக்குக்கு மிக அருகில் வைத்து, உதடு ஒட்டிப் பிரிகிற ஈரம்கூடக் கேட்கும்படியாக, ஒரு குரல். ஏணி மாமாவின் கீச்சுக்குரல் இல்லை. சாவகாசமான, அன்பான குரல்.

"அம்மா தூங்கிட்டாங்களா? சின்னவன் பக்கத்துலதானே இருக்கான்? சமர்த்து. போய்த் தாழ்ப்பாளை எடுத்துட்டு வா."

அவள் அழுதாள். பயத்தில் இல்லை, அதுதான் கொடுமை. முப்பத்திரண்டு வருஷம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நகர்ந்த சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். உடனே அண்ணனைக் கூப்பிட்டுப் போனை ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்தாள்.

"கேக்குதா?"

"ஏதோ டிங்டிங்குன்னு கேக்குது."

"அதுக்கு அடியில, அண்ணா. ஆள் பேசறது."

"அம்மாவே போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் எதுக்கு இதைக் கிளறிக்கிட்டிருக்கே? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. அந்த வேலையைத் திருப்பிக் குடுத்துடு."

"நான் பொய் சொல்லலைண்ணா."

"நீ பொய் சொன்னேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றான் அண்ணன். நம்பினேன் என்றும் அவன் எப்போதும் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டான்.

அவளுக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. காதில் விழுந்ததை விடக்கூடாது. அடைப்புக்குறி போட்டு, மெல்லிய ஆண் குரல் என்று குறித்து, ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த வினாடிக்கு நேராக எழுதினாள். எழுதிவிட்டால் இருக்கிறதென்றுதானே அர்த்தம். ஊரே படிக்கட்டும். ஊர் படிப்பதற்கு முன்னால் ஒருத்தி படிக்கட்டும். என் பிள்ளையாவது என்னை நம்பட்டும் என்றுதான் அவள் நினைத்தாள், வேறொன்றும் நினைக்கவில்லை. வழக்கம்போல் கூடத்து டிவியில் போட்டுவிட்டு, சுண்டெலியின் தலையைத் தடவிவிட்டு, முகம் கழுவப் போனாள்.

மணி ஐந்தரை இருக்கும். மழை வரப்போகிற மாதிரி வெளிச்சம் மங்கிக்கிடந்தது. குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டு நின்றாள், ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. துண்டால் துடைத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றபோது, கூடத்திலிருந்து ஈர மரமும் பழைய சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை வந்தது, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. ஜன்னல் வழியாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுண்டெலி டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. தோள்கள் அசைந்தன. கை பேசிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் டிவிக்குப் பதில் சொல்வது உலக வழக்கம். ஆனால் சுண்டெலி சொன்னதே இல்லை. திரையில் இருக்கிற யாரும் அவளுடைய கையைப் பார்க்கக் காத்திருந்ததில்லை, அது அவளுக்கு மூன்று வயதிலேயே தெரிந்துபோயிற்று. அம்மா பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து மகளின் விரல்களைப் பார்த்தாள்.

அப்பா கப்பலில்.

நிறுத்தம். தலை சாய்த்து எதையோ பார்த்தாள். பிறகு மறுபடி.

நானும் அம்மாவும் மட்டும்தான்.

அம்மா திரையைப் பார்த்தாள். ஓரத்தில் நேரம் காட்டும் எண் பதினொரு வினாடிக்குள்ளேயே எங்கோ நின்றிருந்தது, நகரவில்லை. படம் மட்டும் நகர்ந்தது. பஞ்சு மேகம் நூலில் மெல்லச் சுற்றியது. அவள் எழுதிய வரிகள் முடிந்து போயிருந்தன. கீழே எழுத்தே இல்லை.

எழுத்து அவருக்கு இனித் தேவைப்படவில்லை.

ஏணியின் உச்சியில் உட்கார்ந்தபடி, முன்பக்கம் குனிந்து, வெள்ளைக் கையுறை இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கி, அவர் பேசிக்கொண்டிருந்தார். கையால். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின பதிவில். தடுமாற்றம் இல்லாமல், ரொம்ப நாள் பழகினவர்போல, அவள் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில். இடையில் ஒரே ஒரு சைகை அவளுக்குப் பிடிபட்டது. மூக்கருகே இரண்டு விரல்.

அவள் பாய்ந்தாள். ரிமோட் சோபாவில் இல்லை. மேசையில் இல்லை. மகளின் மடியில் கிடந்தது. எடுத்தாள். அமுக்கினாள். அணையவில்லை. மறுபடி அமுக்கிக்கொண்டே நிமிர்ந்தபோது திரையில் ஏணி இருந்தது. மேகம் இருந்தது. ஏணியில் ஆள் இல்லை.

சுவரோரம் போய் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

நல்லது. அவ்வளவுதான். முடிந்தது. அவள் மகளின் எதிரே மண்டியிட்டாள். கையால் கேட்டாள். அவர் என்ன சொன்னார்?

சுண்டெலி சிரித்தாள். ரொம்ப நல்லவர் அம்மா. நான் பேசறது அவருக்குப் புரியுது.

என்ன சொன்னார்?

தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னார்.

எடுக்காதே. என்ன ஆனாலும் எடுக்காதே. புரியுதா?

நீ முகம் கழுவப் போனப்பவே எடுத்துட்டேன்.

பின்னால், வெளிக்கதவுப் பக்கமிருந்து காற்று வந்தது. அவளுடைய ஈரக் கழுத்தில் பட்டது. அந்த வாசனை இப்போது கூடம் முழுக்க இருந்தது. மரம் முனகுகிற சத்தம் ஒன்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அதைவிடப் பக்கத்தில், இன்னொன்று.

மகள் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே பார்த்தாள். கண் இடமும் வலமுமாக ஓடியது. சுண்டெலி ஒருவர் கையைப் படிக்கிறபோது அவள் கண் அப்படித்தான் ஓடும்.

சின்ன விரல்கள் பதில் சொல்ல எழுந்தன.

அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையையும். காது கேளாத பிள்ளையின் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துகிற மாதிரி. எவ்வளவு கோபத்திலும் அவள் அதைச் செய்ததில்லை. இப்போது எலும்பு நோகப் பிடித்தாள். நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். பதில் சொல்லாதே. சொல்லாதே கண்ணே. வாய் விட்டுச் சொன்னாள், அவளுக்குக் கேட்காதென்று தெரிந்தே சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பிடி தளரும்.

சுண்டெலி கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, இப்போது இன்னும் உயரத்தில், அண்ணாந்து பார்த்தாள். அங்கே யாரோ பொறுமையாகக் கேட்ட எதையோ கடைசிவரை படித்தாள்.

பிறகு, சரி என்று தலையை ஆட்டினாள்.