காணாமல் போன எட்டு டிகிரி

"பாலை அறுபத்துமூணு டிகிரியில அரை மணி நேரம் வெக்கிறேன் அக்கா, கடிகாரம் பார்த்துத்தான். ஆனாலும் சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போகுது."

திரையில் தெரிந்த செரோடிச், இட்டென் மலையூரின் பால் கூட்டுறவில் காய்ச்சும் பொறுப்பில் இருப்பவள். இன்னொரு மேட்டு நகரமான நகுருவில் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முத்தேயுவும் வஃபுலாவும், சிறு கூட்டுறவுகளுக்காகப் பலர் சேர்ந்து இணையத்தில் எழுதிவரும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது. அத்தியாயத்தின் அடியில் பெயர் வரும்.

"புளிச்ச பாலுன்னா உங்க ஊர்ல விருந்தாச்சே," என்றான் வஃபுலா.

"அந்த முர்சிக் பாலை நாங்க வேணும்னே சுரைக்குடுக்கையில புளிக்க வெக்கிறோம் தம்பி. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடிக்கிறது. ரெண்டு பேருக்கு வயித்துப்போக்கு. திங்கட்கிழமையும் இப்படி ஆச்சுன்னா என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க."

"தெர்மாமீட்டரைச் சோதிச்சீங்களா?" என்று முத்தேயு நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கையேட்டுப்படிதான். கொதிக்கிற தண்ணியில தொண்ணூத்திரண்டு காட்டுச்சு. நூறுக்குக் குறையிறதைக் கூட்டிக்கோன்னு போட்டிருக்கு. எட்டைக் கூட்டிக்கிட்டேன்."

வஃபுலா அத்தியாயத்தைத் திறந்தான். எழுதியவர் கடலோர மொம்பாசாவின் சலீம். சரிபார்த்தவர் மலைமேல் இருக்கும் எல்டோரெட்டின் கிப்ரோனோ. அவர் குறிப்பு ஒரே வரி: 'மூன்று வெப்பமானிகளில் சோதித்தேன். கொதிநீர் 100. சரி.'

முத்தேயு அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் தன் வெப்பமானியை விட்டாள். தொண்ணூற்று நான்கு. ஆறவிட்டு, உருகும் பனிக்கட்டியில் வைத்தாள். சரியாகப் பூச்சியம்.

"கருவி சரி. தண்ணிதான் சீக்கிரம் கொதிக்குது. மேல ஏற ஏறக் காத்தோட அழுத்தம் குறையும். முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. கடலோரத்துல நூறு, இங்க தொண்ணூத்தி நாலு, இட்டென்ல தொண்ணூத்திரண்டு."

வஃபுலா துள்ளி நிமிர்ந்தான். "அப்ப எல்டோரெட்ல நூறு வரவே வராது. அந்த ஆளு தண்ணியே காய்ச்சாம கையெழுத்துப் போட்டிருக்காரு. பேரைத் தூக்கிடுவோம்."

"காய்ச்சினாரு. முதல் கருவியிலயே நூறு வந்திருந்தா ரெண்டாவதை ஏன் தேடிப் போகணும்? மூணாவது வேற."

சலீமையும் கிப்ரோனோவையும் அழைப்பில் சேர்த்து, அதே கேள்வியைக் கேட்டாள்.

"மூணுலயும் தொண்ணூத்தி மூணு," என்றார் கிப்ரோனோ. "எழுதினவரு பெரிய படிப்பாளி. என் கருவிங்கதான் மட்டம்னு நெனச்சு, புத்தகத்துல இருந்ததையே எழுதிட்டேன்."

"யோவ், நான் கடல் சத்தம் கேக்காத இடத்துல ஒரு டீ கூடப் போட்டதில்ல," என்றார் சலீம். "அதனாலதானே மலைக்காரர் ஒருத்தர் பார்க்கட்டும்னு கேட்டேன். உங்க தொண்ணூத்தி மூணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு."

"அப்ப என் பாலு?" என்றாள் செரோடிச்.

"எட்டைக் கூட்டினதால, நீங்க அறுபத்துமூணுன்னு நெனச்சுக் காய்ச்சினது உண்மையில ஐம்பத்தஞ்சு," என்றாள் முத்தேயு. "கிருமி சாகல. கிப்ரோனோ, திருத்தத்தை நீங்களே எழுதுங்க. பேரு அப்படியே இருக்கட்டும்."

வஃபுலா திருத்தும் பக்கத்தைக் கிப்ரோனோவுக்குத் திறந்துவிட்டான். எல்லாரும் பார்த்திருக்க, கிப்ரோனோ திரையில் எழுதினார்:

'உருகும் பனிக்கட்டியில் வெப்பமானி பூச்சியம் காட்ட வேண்டும். கொதிநீரில், உங்கள் ஊரின் உயரத்தில் முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நூறிலிருந்து குறைத்தால் வரும் எண்ணைக் காட்ட வேண்டும். எல்டோரெட்டில் நான் கண்டது 93. இரண்டும் பொருந்தினால் கருவி சரி, எதையும் கூட்டாதீர்கள். கருவியே 63 என்று காட்டிய பிறகு பாலை அரை மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள்.'