கழித்த பங்கு

பொறுப்புமானியின் தலைக்கவசம் குணசீலனுக்குச் சற்றுப் பெரிது. நெற்றியில் சரிந்ததைக் காவலர் தூக்கிவிட்டார். நீதிமன்றத்தின் சாட்சிகள் வரிசையிலிருந்து அவன் அக்கா தமயந்தி எட்டிப் பார்த்தாள்.

அடித்தானா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அப்பாவின் சாவு வீட்டில், ஊரே பார்க்க, பாடைக்கு வெட்டிய மூங்கிலால் சித்தப்பாவை அடித்தான், அவர் எழவில்லை. அதில் நோய் எவ்வளவு, போதை எவ்வளவு, அவன் எவ்வளவு என்பதே வழக்கு. மூளையில் பதிந்து கிடக்கும் அந்த நிமிடத்தைத் துருவியெடுத்துப் பொறுப்புமானி பிரித்துச் சொல்லிவிடும். அவன் பங்கு பாதியைத் தாண்டினால் ஆயுள் சிறை. சிறையில் இவன் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டான்.

திரையில் எழுத்துகள் வந்தன. நோய் நாற்பது. போதை ஐம்பது. அவன் பத்து.

தமயந்தி அவசரப்பட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

"தானாக் குடிச்சிருந்தா போதையும் அவன் கணக்குலதாம்மா சேரும்," என்றார் பக்கத்திலிருந்த அவன் வக்கீல் ஸ்டெல்லா. "அறுபது ஆயிடும். யாராச்சும் அவனுக்குத் தெரியாம குடுத்திருந்தாதான் கழிப்பாங்க."

தமயந்தி எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான்தான் குடுத்தேன். பாடை தூக்குறவங்களுக்கு வாங்கி வெச்சிருந்த பாட்டில். ரெண்டு நாளா மாத்திரையைத் துப்பிட்டான். காதுல யாரோ திட்டுறாங்கன்னு அப்பா தலைமாட்டுலயே நின்னு கத்துறான். சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்குறாங்க. செத்த நேரம் தூங்கட்டும்னு கலர் சோடாவுல கலந்து குடுத்தேன். அவனுக்குத் தெரியாது."

"இவருக்குக் குடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரா?" என்றார் நீதிபதி.

"சொல்லியிருந்தாருங்க."

நீதிபதி தலையசைத்தார். ஐம்பது கழிந்தது. சிறை இல்லை, மருத்துவமனைதான் என்றதும் தமயந்தி வாய்விட்டு அழுதாள். பிழைத்தான் தம்பி.

அதற்குள் காவலர் தலைக்கவசத்தோடு அவளிடம் வந்துவிட்டார்.

"கழிச்சதை எங்கயாவது சேத்தாகணும்மா," என்றார் நீதிபதி, கொஞ்சம் சங்கடத்தோடு. "உயிர் போயிருக்கு. கணக்கு நூறுக்குக் குறையக் கூடாது. நீங்க கலந்து குடுத்த நிமிஷத்தையும் அளந்துடணும்."

"பயப்படாதீங்க," என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தார். "இத்தனை வருஷம் கண்ணு மூடாம பாத்திருக்கீங்க. மனச்சோர்வு, அது இதுன்னு ஏதாவது காட்டும். கழிச்சுக்கலாம்."

எனக்கு நோய் இருக்க வேண்டும் சாமி என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள் தமயந்தி. கவசம் அவளுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

நோய் இல்லை. போதை இல்லை. அவள் நூறு.

நோய் எப்படி இருக்கும்? அவள் படுத்தால் அவனுக்கு மாத்திரை கொடுக்க ஆளில்லை. அதனால் படுக்கவேயில்லை, அவ்வளவுதான். காவலர் அவள் கையைப் பிடித்தார்.

சிறை மாத்திரைகளில் தெளிந்திருந்தும், வக்கீல் சொன்ன கணக்கைக் கேட்டிராத குணசீலன் கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீயும் ஒரு வாய் குடிச்சிருக்கலாம்லக்கா."