வாளியில் ஊறிய கோடாரி

புதன்கிழமை, காலை 6.40. கோடாரி கிடைத்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த வடிகால் கானில், ஓடும் மழைத் தண்ணீருக்குள் கிடந்தது. பொலிஸ் சாஜன் றோலண்ட் துணி சுற்றித் தூக்கியபோது இரும்புத் தலை லொடலொடவென்று ஆடியது.

"பிரதாப்போடதுதான் மேடம். கேஸ் முடிஞ்சுது," என்றார். அவருக்குக் காலைச் சாப்பாட்டு அவசரம்.

எஸ்.ஐ. அனுஷ்காவுக்கு முடிந்த மாதிரித் தெரியவில்லை. திங்கள் விடியற்காலையில் தேயிலைத் தொழிற்சாலையின் பின்கதவருகே இரவுக் காவல் பார்க்கும் வாச்சர் சோலைமலை மண்டை உடைந்து கிடந்தார். கோடாரியின் பின்பக்கத்தால் விழுந்த அடி. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. முதல் நாள்தான் மருமகன் பிரதாப் அவரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான். திங்கள் காலையே அவனை ஹட்டன் பொலிஸ் கூண்டில் அடைத்தாயிற்று. லயத்துக் காம்பரா ஒவ்வொன்றையும் அடுப்புச் சாம்பல் வரை கிளறியும் அன்று கோடாரி கிடைக்கவில்லை. சனிக்கிழமை பிடித்த மழை மட்டும் விட்டபாடில்லை.

சோலைமலையின் மகள் வினோதா வாசலில் நின்றாள். அப்பா பிழைக்க வேண்டும், அடித்தது புருஷனாக இருக்கக் கூடாது. பாவம், இரண்டுமே அவள் கையில் இல்லை.

"தலை எப்பவும் இப்படி ஆடுமா?" என்றாள் அனுஷ்கா.

"ஆடும் மிஸ். ஆப்பு வச்சு அடிங்கன்னா கேக்க மாட்டாரு. வாளித் தண்ணியில ஊறப் போட்டுருவாரு, மரம் உப்பி இறுகிக்கும். ஞாயித்துக்கிழமையும் வெளிய வாளியிலதான் கெடந்துச்சு. பொழுது சாய பாத்தா காணோம்."

"யாரு எடுத்தா?"

வினோதா தரையைப் பார்த்தாள். "அவருதான் எடுத்திருப்பாரு. வேற யாரு?"

8.15. தொழிற்சாலைத் தேயிலை ஏற்றும் லொறி டிரைவர் தர்ஷன்.

"ஞாயிறு எங்க இருந்தீங்க?"

"கினிகத்தேனையில மேடம். மண் சரிஞ்சு ரோட்ட மூடிட்டாங்க. நேத்துதான் வந்தேன்."

உண்மைதான் என்று றோலண்ட் தலையாட்டினார்.

8.50. தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன் துஷாந்த். அடுப்பறைக் கொடியில் போர்வைகளும் குழந்தைத் துணிகளும் தொங்கின.

"இதெல்லாம் யாரோடது?"

"லயத்துச் சனங்களோடது மிஸ். இந்த மழையில வேற எங்க காயும்? இங்கன்னா மொறுமொறுன்னு ஆயிடும்."

"தனியாவா வேலை?"

"மத்த ஆளுக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமையில இருந்து நான்தான். தூங்குறதும் இங்கயேதான்."

"கோடாரிய பாத்தீங்களா?"

"கண்ணால பாக்கல."

அனுஷ்காவால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. அறையை இரண்டு முறை சுற்றினாள். கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"சாஜன், ஊறின மரம் இறுகும். வாளியிலேர்ந்து கானுக்குப் போய், ரெண்டு நாள் தண்ணியில கெடந்திருந்தா அந்தத் தலை அசைஞ்சிருக்குமா?"

"அசையாது மேடம்."

"காலைல ஆடுச்சே! நல்லா காஞ்சு சுருங்கின பிறகு, இன்னைக்கு விடியத்தான் யாரோ கான்ல போட்டிருக்காங்க. விடிய பிரதாப் எங்க இருந்தான்?"

றோலண்டின் முகம் மாறியது. "நம்ம கூண்டுல."

"தோட்டத்துல ஒரு கைக்குட்டை காயல. கோடாரி மட்டும் எங்க காஞ்சது?" அவள் துஷாந்தைப் பார்த்தாள். "ராத்திரி பகலா ஒரே ஆள் இருக்கிற இடத்துல."

துஷாந்த் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பின்கதவால நான் திருட்டுத்தனமா தேயிலை மூட்டை அனுப்பினத வாச்சர் பாத்துட்டாரு மிஸ். திங்கக்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட சொல்றேன்னாரு. மருமகன் மேல பழி போகட்டும்னு அவன் கோடாரிய எடுத்தேன். அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சு..."

றோலண்ட் விலங்கை எடுத்தார். சாப்பாடு அவருக்கு மறந்தே போயிருந்தது.

மதியம் பிரதாப் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தான். வினோதா குடையோடு காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நானே நீங்கதான்னு சொல்லிட்டேங்க."

"மாமா கண் முழிச்சாரா?"

"இப்பதான் முழிச்சாராம். மொதல்ல என்னைய திட்டுங்க."

பிரதாப் குடையை வாங்கி அவள் பக்கமாகச் சாய்த்தான்.

"வா, ஆஸ்பத்திரிக்கு போவோம். அவரே ரெண்டு பேரையும் சேத்துத் திட்டட்டும்."