புதுச் சில்லு

அந்த ஒரு சில்லு மட்டும் வெளுப்பாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்த மற்றவை எல்லாம் லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்து செம்பழுப்பாகிப் போனவை. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால், ஓடைக்கரைக் குழியில் ஜெரூஷா தன் கையால் எடுத்தவை. ஆதிமனிதன் கைக்கோடரி செய்யத் தட்டியபோது தெறித்த சில்லுகளை, உடைந்த சட்டியை ஒட்டுவதுபோல, மறுபடி அந்தக் கல்லோடு பொருத்திப் பார்ப்பது அவள் வேலை. வெளுப்புச் சில்லும் கல்லில் கச்சிதமாகப் பொருந்தியது. மூக்கருகே கொண்டுபோனாள். கல்லோடு கல் மோதிய கருகல் வாசனை. இப்போதுதான் தட்டியது.

நாளைக் காலை தொல்லியல் கமிட்டி வருகிறது. கல் பழசு என்று ஒப்புக்கொண்டால் குழி பிழைக்கும். இல்லாவிட்டால் ஜேசிபி இறங்கிவிடும், பிளாட் போட்டுவிடுவார்கள். வீட்டிலேயே தட்டிச் செய்துவிட்டுப் பழசு என்கிறாள் பார் என்று காறித்துப்ப இந்த ஒரு சில்லு போதாதா?

வீட்டில் இருப்பது அவளும் அவள் புருஷன் ஃபிரெடியும்தான். நைட் ஷிஃப்டுக்கு முன்னால் படுக்கையறையில் தூங்குகிறான். "அவனவன் வீட்டுக்கு ஏசி வாங்கிட்டு வர்றான், நீ ஜல்லி கொண்டு வர்ற" என்று காலையில்கூட நக்கலடித்த மகராசன்.

கரண்ட் போயிற்று. கோவிலம்பாக்கம் தெருமுனையில் தண்ணி லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, அவள் சுவரைத் தடவி, அடுக்களை அலமாரியைத் தடவி, மெழுகுவர்த்தியைத் தேடிக் கொளுத்திக்கொண்டு திரும்பியபோது, கூடம் முழுக்கச் சேற்று வாசனையும் அதற்கடியில் நனைந்த விலங்குமயிரின் வீச்சமும் நிறைந்து நின்றன. மேசையில் கல் இல்லை.

படுக்கையறைக்குள் டக். டக்.

"ஃபிரெடி! அறிவிருக்கா உனக்கு? கீழ வை அதை!"

டக்.

உள்ளே போய்ப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? உடைந்தது உடைந்ததுதான். அவன் மூஞ்சியைப் பார்த்தால் கை நீண்டுவிடும். வெளித்தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

"ஜெரூ..." அவன் குரல்தான். தூக்கத்தில் பேசுவதுபோல. "ஜெரூ, வாயேன்..."

"கெஞ்சாத! என் உழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு இப்ப என்ன கொஞ்சல்? நல்லா உடை! நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போறேன். நீ அங்கயே கிட!"

"ஜெரூ... கால்..."

மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பாவி. படுபாவி. கோபத்தில் அழுகை வந்தது.

கையை எடுத்தபோது அவன் கூப்பிடவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் மறுபடி தட்டல்.

ஆனால் டக் இல்லை. தப். தப்.

கதவிடுக்கு வழியாக ஒரு சில்லு வழுக்கிக்கொண்டு வந்து அவள் பாதத்தில் முட்டியது. எடுத்தாள். வெற்றிலைபோல் மெல்லியது. அடி விழுந்த ஓரத்தில் உதடுபோல ஒரு மடிப்பு. கல்லால் அடித்தால் இப்படி வராது. கல்லால் தட்டி உருவம் கொண்டுவந்த பிறகு, கடைசியாக விளிம்பை மெலிதாக்க, எலும்பால் அடிப்பார்கள். காய்ந்த எலும்பு நொறுங்கும். பச்சை எலும்புதான் தாங்கும்.

ஃபிரெடிக்கு ஒரு கோழிகூட வெட்டத் தெரியாது.

கோபம் போன இடம் தெரியவில்லை. சில்லில் ஈரம். கையில் பிசுபிசுப்பு. தப். தப்.

தாழ்ப்பாளை இழுத்தாள். மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டாள். "ஃபிரெடி?"

கதவு திறந்தது.

கட்டிலில் ஃபிரெடி. கண் திறந்தபடி. இடுப்புவரை போர்வை. இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு முதுகு. குந்தியபடி. மயிரடர்ந்தது. மடியில் கைக்கோடரி, பாதி மெலிந்து. ஓங்கிய கையில் எலும்பு.

தப்.

எலும்பு விரிசல் விட்டது.

அது எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தரையில் போட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெல்லத் திரும்பி, வாசற்படியில் நின்ற ஜெரூஷாவின் கால்களைப் பார்த்தது.