நானூறு தேம்பல்

செவ்வாயில் உள்ள தென்குவி நகரத்தில் துக்கத்தை நிறுக்கும் அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி வளைந்துவிடும். போன வாரம் அம்மாவைப் பறிகொடுத்தவர்கள், காதலில் தோற்றவர்கள், பல் பிடுங்கிய வலியைத் துக்கம் என்று தள்ளிவிடப் பார்க்கும் பேர்வழிகள் என எல்லாரும் நிற்பார்கள். உள்ளே போனால் நெற்றிப்பொட்டில் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். அரை நிமிடத்தில் எண் தெரிந்துவிடும். துக்கத்தின் அலகு தேம்பல். மனிதர் மேடையில் ஏறக் குறைந்தது நானூறு தேம்பல் வேண்டும்.

பூங்கோதைக்கு முப்பத்தேழு வந்தது.

"பூனை செத்து ரெண்டு வருஷமாச்சுங்களே, இதுக்கு மேல வராது," என்றது கவுண்டரில் இருந்த எந்திரம். "வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்கார்?"

"இருக்கார்."

"பொண்ணு?"

"அவளும் நல்லா இருக்கா."

எந்திரம் நாக்கு இல்லாமலே 'ச்சு' கொட்டியது.

பாட்டு, ஓவியம், கூத்து எல்லாவற்றையும் எந்திரங்கள் கையில் எடுத்துக்கொண்டு எண்பது வருடங்கள் ஆகியிருந்தன. அவை போட்ட மெட்டில் குறை சொல்ல இடமில்லை. மனிதர்களுக்கு ரோசம் வந்தது. எந்திரத்திடம் இல்லாத சரக்கு தங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, துக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் ஒரே ஒரு மனிதர் பன்னிரண்டாயிரம் பேர் கூடும் பெரிய அரங்கில் கலை நிகழ்த்தலாம் என்று சட்டம் வந்தது. அதுதான் மனிதர் மேடை. தன் துக்கம் அசலானது என்று அவர் நிரூபித்தால் போதும்.

பூங்கோதையிடம் துக்கம்தான் இல்லை, புதுமை நிறைய இருந்தது. பதினோரு வருடம் பாடுபட்டு 'அதிர்கூடு' என்ற வாத்தியத்தைச் செய்திருந்தாள். அதில் காதுக்கு வேலை கிடையாது. செவ்வாயின் புழுதிக்காற்று நகரத்தின் கண்ணாடிக் கூரையை உரசும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். அவள் விரல்களால் அதை வளைத்துத் தரை வழியாகக் கேட்பவரின் எலும்புக்குள் அனுப்புவாள். விலா ஒரு சுரம் பாடும், முழங்கால் இன்னொன்று பாடும். எந்திரங்களுக்கு இந்த யோசனை வந்ததே இல்லை. அவற்றுக்கு எலும்பு கிடையாது.

ஒன்பது நிமிடம் ஓடும் அந்த இசையை அதுவரை கேட்டவர் அவள் கணவர் தாவீது ஒருவர்தான். கேட்டுவிட்டுத் தன் விலாவைத் தடவிப் பார்த்தார். "இத்தன வருஷமா என் எலும்பு என்கூட பேசினதே இல்ல கோதை," என்றார் பிறகு. அதைப் பன்னிரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். பூங்கோதைக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

தாவீதின் மார்பில் துடித்தது செயற்கை இதயம். அது தேய்ந்துவிட்டது. பூமியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு கப்பல்தான் வரும். முப்பத்தேழு தேம்பலோடு பூங்கோதை வீடு திரும்பிய அன்றுதான் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்திருந்தது. புது இதயம் ஒன்று வந்திருக்கிறது, மனைவி கைரேகை வைத்து ஒப்புதல் தர வேண்டும், மூன்று நாளில் தராவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

காபி குடித்துவிட்டு வைக்கலாம் என்று நினைத்தாள். பிறகு, சாப்பிட்டுவிட்டு வைக்கலாம் என்று நினைத்தாள். மறுநாள் அதிர்கூட்டைத் துடைக்கும் வேலை இருந்தது. மூன்று நினைவூட்டல்கள் வந்தன. மூன்றையும் படித்தாள். நான்காவது வரவில்லை.

"கப்பல் வந்துடுச்சாமே, நமக்கு வந்துச்சா?" என்று கேட்டார் தாவீது.

"இந்தத் தடவை இல்லையாம்."

"சரி விடு. அடுத்த கப்பல்ல வரும்."

பத்தொன்பதாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். பூங்கோதை தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அது நடிப்பில்லை. அந்த மனிதர்மேல் அவளுக்கு உயிர். இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. வில்லைக்குத் துக்கம் எது, குற்றவுணர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது அறுநூற்று நாற்பது காட்டியது. கவுண்டர் எந்திரம் எழுந்து நின்று கும்பிட்டது.

மனிதர் மேடை நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. நிகழ்ச்சியை நடத்திய ரகுநந்தன் தொழிலில் கெட்டிக்காரர். மேடை நடுவில் ஒரு வெறும் நாற்காலியைப் போட்டு, அதன் கீழே தாவீதின் செருப்பை வைத்திருந்தார். கல்யாணப் படத்தைக் காட்டினார். மெல்லிய சோக இசையை ஓடவிட்டார். அது எந்திரம் போட்டது.

"கடைசியா அவர் என்னம்மா சொன்னாரு?"

பூங்கோதை செருப்பைப் பார்த்தாள். "அடுத்த கப்பல்ல வரும்னு சொன்னார்."

"இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. பன்னிரண்டாயிரம் பேரும் விக்கி விக்கி அழுதார்கள். அழுது முடித்ததும் அவர்களுக்கு மனசு லேசானது. மின்தூக்கியில் கூட்டம் சேர்வதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று முண்டியடித்துக்கொண்டு எழுந்தார்கள். பூங்கோதை அதிர்கூட்டின் உறையை அவிழ்த்து, விரல்களைத் துடைத்து நிமிர்ந்தபோது கடைசி வரிசையும் காலியாகியிருந்தது.

அவள் வாசித்தாள். ஒன்பது நிமிடமும் ஒரு பிசகு இல்லாமல் வாசித்தாள். அரங்கைத் துடைக்கும் எந்திரங்கள் இருக்கைகளுக்கு நடுவே போய்வந்தன. அவற்றுக்கு எலும்பு கிடையாது.

மேடைக்குப் பின்னால் மகள் எஸ்தர் நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. நகரத்தின் காய்கறிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பாவோட மருத்துவக் கோப்பை மூடணும்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்கம்மா," என்றாள். "இதயம் வந்திருக்கு. மூணு தடவை உனக்கு நினைவுபடுத்தியிருக்காங்க. மூணையும் நீ படிச்சிருக்க."

"எஸ்தர், நான் வந்து..."

"எதுக்காகன்னும் எனக்குத் தெரியும்மா."

விடைகொடுக்க வந்த ரகுநந்தன் இதைக் கேட்டுக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வில்லை வைத்திருப்பார். எஸ்தர் திரும்புவதற்குள் அதை அவள் நெற்றிப்பொட்டில் ஒட்டிவிட்டார். எண் ஏறிக்கொண்டே போய் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் நின்றது. மனிதர் மேடை தொடங்கிய நாளிலிருந்து யாருக்கும் அவ்வளவு வந்ததில்லை.

"அடுத்த வருஷம் நீதாம்மா," என்றார். "அந்த நாற்காலியில உங்கம்மாவ உக்கார வச்சிடலாம்."

பூங்கோதை அதிர்கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு ரகுநந்தன் எஸ்தரிடம் கேட்டார். "உனக்கு என்னம்மா வரும்? பாட்டா, வாத்தியமா?"

"எனக்கு எதுவுமே தெரியாது."

"பரவாயில்லம்மா," என்றார் அவர், படிவத்தில் கலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு. "அதுவரைக்கும் அரங்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."