பதினோரு வண்டுகள்

வள்ளிக்கண்ணுவின் அம்மா ராசாத்தி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. நுரையீரலில் நோய். அப்பா மருதை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“நாம எப்பப்பா போறோம்?”

“வாழையை இப்படி விட்டுட்டு எப்படிம்மா வர்றது?”

ஜீயபுரத்தில் அவர்கள் பூவன் வாழை போட்டிருந்தார்கள். கறுப்பு வண்டுகள் அடிமரத்தில் முட்டையிட, புழுக்கள் கிழங்கைக் குடைந்தன. லேசான காற்றுக்கே மரங்கள் சாய்ந்தன. அப்பா விடிந்ததிலிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கிழக்கே தஞ்சாவூர்ப் பக்கம் போகும் ரயில் வந்தால் வள்ளிக்கண்ணு வேலியோரம் ஓடுவாள். கடைசிப் பெட்டி மறையும்வரை நிற்பாள்.

ஒருநாள் காலை, முந்தின நாள் வெட்டிப்போட்ட வாழைத்துண்டு ஒன்றை மாட்டுக்காகத் தூக்கினாள். பகலில் தேடினாலும் கண்ணில் படாத வண்டுகள் அதன் அடியில் கூட்டமாக இருந்தன.

“கல்லுக்கு அடியிலயும்தான் பூச்சி ஒளியும்” என்றார் அப்பா.

அவள் யோசித்தாள். சாயங்காலம் ஒரு கல், ஒரு காய்ந்த துண்டு, அப்போதுதான் பிளந்த ஒரு பச்சைத் துண்டு மூன்றையும் வரிசையாக மண்ணில் வைத்தாள்.

காலையில் கல்லடியில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. காய்ந்த துண்டின் அடியில் ஒன்றுமில்லை. பச்சைத் துண்டின் அடியில் பதினோரு வண்டுகள்.

“வெட்டின வாழை வாசத்துக்குத்தான் வருதுப்பா.”

அப்பா துண்டை மோந்து பார்த்தார். “எனக்கு ஒண்ணும் பெரிசா தெரியலையே.”

“நீங்க வண்டு இல்லியேப்பா.”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

தோட்டம் முழுக்கப் பச்சைத் துண்டுகளை வைத்தார்கள். தினமும் ஸ்கூலுக்குப் போகுமுன் வள்ளிக்கண்ணு வண்டுகளைப் பொறுக்கிக் கொடுப்பாள். அப்பா கொதிநீரில் போடுவார். துண்டு காய்ந்தால் புதிது வைப்பார்கள். முதல் வாரம் ஒரு சட்டி நிறைய வண்டுகள். போகப் போக ஒரு கை அளவுக்குக் குறைந்தன. இரண்டு மாதம் கழித்து அடித்த பெருங்காற்றில் மூன்றே மரங்கள்தான் சாய்ந்தன.

அப்பா தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நாளைக்கு ரயிலுக்குக் கிளம்பலாம்மா.”

ஆஸ்பத்திரியில் சிறுவர்களை உள்ளே விடவில்லை. வள்ளிக்கண்ணு வேப்பமரத்தடியில் நின்றாள். எதிரே வராந்தாக் கம்பிக்குப் பின்னால் அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். ஆனால் அவளுடைய அம்மாவேதான்.

வள்ளிக்கண்ணு கையை உயர்த்தி ஆட்டினாள்.

“பொங்கலுக்கு அனுப்பிடுவாங்களாம்” என்றாள் அம்மா. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கொஞ்சம் திரும்பி நில்லு கண்ணு. சடை எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்குறேன்.”

வள்ளிக்கண்ணு திரும்பி நின்றாள். “போதும்மா” என்று அம்மா சொல்லும்வரை அசையவே இல்லை.